படிகத்தின் ஓரம் மட்டும் ஏன் கூடுதலாக ஒளிர்கிறது?

நிலாவெளியான்: சீசியம் ஈய புரோமைட்டு நுண்படிகங்களை புற ஊதா ஒளியில் பார்த்தால் நடு மங்கல், ஓரம் பளிச்சென்று பச்சை. நிறமாலையிலும் சீப்புப் பல் மாதிரி கூர்முனைகள். ஏன்?

உப்புவெளி: முறிவுச்சுட்டி (ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்ற அளவு) 2-ஐத் தாண்டுவதால் அவதிக்கோணம் (இதைவிடச் சாய்ந்து முகத்தில் படும் ஒளி வெளியேறாது) 30 பாகைக்கும் குறைவு, அதனால் மேல்முகத்தால் தப்பும் ஒளி கொஞ்சம்தான், மிச்சம் முழு அகத்தெறிப்பில், அதாவது முழுவதும் உள்ளேயே தெறித்து, அடைபட்டு ஓடி ஓரத்தில்தான் வெளியே வரும்.

கோணேசர்மலை: முனைகள் ஒத்திசைவு, தம்பி. உள்ளே தெறித்துச் சுற்றும் ஒளியின் ஒரு சுற்றுப் பாதையில் அலைநீளம் முழு எண் தடவை பொருந்தினால் அந்த நிறம் வலுக்கும். லண்டன் சென் போல் தேவாலயத்தில் முணுமுணுப்பு சுவரோடு ஒட்டிப் போவதை இயற்பியலாளர் ரேலி விளக்கினாரே, அதே கதை. சின்னப் படிகத்தில் முனைகளின் இடைவெளி கூடவேண்டும், அளந்து பாரும்.

நிலாவெளியான்: சரி அண்ணை. அப்போ திருகோணமலைப் பக்கத்துப் புல்மோட்டைக் கடற்கரை மணலின் சிர்கோன் கனிமத் துகளில் இந்த முனைகள் தெரியுமா?

கோணேசர்மலை: கஷ்டம். அலையில் உருண்டு முகம் மழுங்கியது, பருமனும் பெரிது; முனைகள் இருந்தாலும் நெருங்கிக் கலந்துவிடும்.