காப்பர்பேண்ட் மீன் ஐப்டேசியாவைத் தின்னுமா? முதலில் அதற்குப் பதில் வரட்டும்

உவர்நீரன்:
பவளக்கிளி நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. "பாறையில் களை மாதிரி முளைக்கும் ஐப்டேசியா என்ற சின்னக் கடல் அனிமோன் பெருகிவிட்டதா, ஒரு காப்பர்பேண்ட் வண்ணத்துப்பூச்சி மீனை விடுங்கள், ஒரு மாதத்தில் துடைத்துவிடும், புதியவர்களும் தைரியமாக வளர்க்கலாம்" என்கிறார். பதினோரு வருடமாகக் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கிறேன், மூன்று காப்பர்பேண்ட் பார்த்தாயிற்று, ஒன்றுகூட ஐப்டேசியா பக்கம் போகவில்லை. பாறையில் இருந்த குழாய்ப்புழுக்களைத்தான் கொத்திக் கொத்தித் தீர்த்தன. அந்த நீண்ட மூக்கு இடுக்கில் இருக்கும் புழுவை உருவி எடுப்பதற்கு வாய்த்தது. இதைப் படித்துவிட்டு எத்தனை பேர் மீனை வாங்கிப் பட்டினி போட்டுக் கொல்லப் போகிறார்களோ.

பவளக்கிளி:
என் தொட்டி 450 லிட்டர். மீனை விடும் முன் ஐப்டேசியாவை எண்ணினேன், நாற்பதுக்கு மேல் இருந்தது. ஐந்து வாரத்தில் ஒன்றுகூட இல்லை. கண்ணால் பார்த்ததைத்தான் எழுதினேன். உங்கள் மீன் தின்னவில்லை என்றால் எல்லா மீனும் தின்னாதா?

உவர்நீரன்:
ஐப்டேசியாவை மீன் லேசாகத் தொட்டாலே சுருங்கிப் பாறைக்குள் போய்விடும். அதைப் பார்த்துவிட்டுத் தின்றுவிட்டது என்று எண்ணியிருக்கிறீர்கள். அப்புறம் பெப்பர்மிண்ட் இறால் மூன்று வைத்திருப்பதாகப் போன மாதம் நீங்களேதான் எழுதினீர்கள். தின்றது இறால், பெயர் மீனுக்கு.

பவளக்கிளி:
மீனை விடுவதற்கு எட்டு மாதம் முன்பே இறால் அங்கே இருந்தது, அந்த எட்டு மாதமும் ஐப்டேசியா பெருகிக்கொண்டேதான் இருந்தது. ராத்திரி டார்ச் அடித்தும் பார்த்தேன். சுருங்கியதற்கும் காணாமல் போனதற்கும் வித்தியாசம் தெரியாத ஆள் இல்லை நான்.

அலைக்குஞ்சு:
எங்கள் தொட்டியில் ரக்கூன் வண்ணத்துப்பூச்சி மீன் இருந்தது. ஐப்டேசியாவை உண்மையிலேயே சுத்தமாகத் தின்றது. ஆனால் அது தீர்ந்ததும் பவளத்துக்கு உறவான ஜோவாந்தஸ் பக்கம் திரும்பிவிட்டது, மென்பவளம் ஒன்றையும் விடவில்லை. கடைசியில் பவளம் இல்லாத தொட்டிக்கு மாற்ற வேண்டியதாயிற்று. பவளம் வளர்க்கும் ரீஃப் தொட்டிக்காரர்கள் யோசித்துச் செய்யுங்கள்.

உவர்நீரன்:
ரக்கூனைப் பற்றி இங்கே யார் கேட்டார்கள்? பேச்சு காப்பர்பேண்ட். அது தின்பது குழாய்ப்புழு.

மஞ்சள்துடுப்பு:
நான் வைத்திருக்கும் காப்பர்பேண்ட் முழு மஞ்சள், தலை மட்டும் கறுப்பு, மூக்கு நீளம். முதல் நாளே மைசிஸ் இறாலைத் தின்றது. வளர்ப்பதில் ஒரு கஷ்டமும் இல்லை.

உவர்நீரன்:
அது காப்பர்பேண்டே இல்லை ஐயா! மஞ்சள் நீள்மூக்கன், ஃபோர்சிபிகர் வகை. காப்பர்பேண்ட் என்பது செல்மான் ராஸ்ட்ரேட்டஸ், வெள்ளி உடம்பில் செம்பு நிறப் பட்டைகள். பேரினமே வேறு. நீள்மூக்கன் சீக்கிரம் தீனிக்குப் பழகும், காப்பர்பேண்ட் வாரக்கணக்கில் வாயே திறக்காமல் கிடக்கும். என்ன மீன் வைத்திருக்கிறோம் என்றே தெரியாமல் எல்லோரும் யோசனை சொல்ல வந்துவிடுகிறார்கள்.

மஞ்சள்துடுப்பு:
லத்தீன் பெயர் நாலு சொன்னால் பெரிய ஆளா? போன வருடம் என் டாங் மீனுக்கு நீங்கள் சொன்ன யோசனையைக் கேட்டுத்தான் அது போய்ச் சேர்ந்தது. அதை நான் மறக்கவில்லை.

உவர்நீரன்:
குவாரண்டைன் செய்யச் சொன்னேன், நீங்கள் செய்யவில்லை. வெள்ளைப்புள்ளி நோய் வந்தது உங்கள் தப்பு. அதை இங்கே இழுக்காதீர்கள்.

மஞ்சள்துடுப்பு:
நீங்கள் குவாரண்டைன் என்று மொட்டையாகச் சொல்லவில்லை, காப்பர் (செம்பு) மருந்தும் போடச் சொன்னீர்கள். போட்டேன். தீனியை நிறுத்திவிட்டது. பழைய பதிவை எடுத்துப் பாருங்கள்.

நிதானமீன்:
ஒரு சின்னக் கேள்வி. தின்னும் என்று நீங்கள் இருவரும் எதைச் சொல்கிறீர்கள்? ஒரு தடவை கொத்தினாலே கணக்கா, தொட்டியில் ஒன்றுகூட மிஞ்சாமல் தீர்க்க வேண்டுமா? மீன் எத்தனை மாதம் உயிரோடு இருந்தால் வளர்த்ததாக அர்த்தம்? அதை முதலில் முடிவு செய்தால் பாதிச் சண்டை குறையுமே.

உவர்நீரன்:
இதில் முடிவு செய்ய என்ன இருக்கிறது? அது தின்பது குழாய்ப்புழு. என் மூன்று மீனில் ஒன்று, திறந்த மட்டியை ஓட்டோடு வைத்த பிறகுதான் வாய் திறந்தது. மட்டியிலிருந்து மைசிஸுக்கு மாற்ற இரண்டு மாதம் பிடித்தது. ஒரு நாளைக்கு மூன்று நான்கு வேளை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும், வேகமாகத் தின்னும் மீன்கள் கூட இருந்தால் இதற்கு ஒன்றும் மிஞ்சாது. மற்ற இரண்டும் முதுகு வற்றிச் செத்தன. அதைப் பார்த்துக்கொண்டு இருந்தவனுக்குத்தான் அந்த வேதனை தெரியும். பவளக்கிளி எழுதியதில் இதில் ஒரு வரியாவது இருந்ததா?

பவளக்கிளி:
உங்கள் இரண்டு மீன் செத்ததற்கு நான் பொறுப்பா? என் மீன் ஒன்றரை வருடமாக நன்றாக இருக்கிறது.

அலைக்குஞ்சு:
பவளம் வைத்திருப்பவர்களுக்குப் பிரமிட் வண்ணத்துப்பூச்சி மீன் நல்ல தேர்வு. நீரில் மிதக்கும் மிதவை உயிரிகளைத் தின்று வாழ்வது, பவளத்தைப் பெரும்பாலும் தொடாது. ஆனால் செவ்ரான் வண்ணத்துப்பூச்சி மீன் மாதிரி அக்ரோபோரா பவளத்தையே நம்பி வாழும் வகைகளை அழகுக்காக வாங்கிவிடாதீர்கள். தொட்டியில் பட்டினிதான். இதைச் சொல்லத்தான் வந்தேன், யாரும் காதில் வாங்குவதாகத் தெரியவில்லை.

உவர்நீரன்:
செவ்ரான் விஷயம் சரி, அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் கேள்வி அது இல்லையே. காப்பர்பேண்ட் ஐப்டேசியாவைத் தின்றதை யாராவது வீடியோ எடுத்தீர்களா? இருந்தால் போடுங்கள்.

பவளக்கிளி:
நேற்று ராத்திரியே போட்டுவிட்டேன், பார்க்காமல் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். பதினேழாவது விநாடியில் பாருங்கள்.

உவர்நீரன்:
பார்த்தேன். மூக்கு பாறைக்குப் பின்னால் இருக்கிறது, மீனின் முதுகுதான் தெரிகிறது. அந்த இடத்தில் குழாய்ப்புழு இருந்திருக்கும்.

பவளக்கிளி:
அந்தப் பாறையில் குழாய்ப்புழுவே கிடையாது!

உவர்நீரன்:
இப்போது கிடையாது. மீனை விடும் முன் இருந்ததா என்று சொல்லுங்கள்.