மறு: லிமிடெட் அனிமேஷனுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஜப்பானிய அசைவூட்டப் (அனிமேஷன்) படங்களுக்கு அனிமே என்ற பெயரை அப்படியே வைத்துக்கொள்வோம் என்பதில் எனக்கு முழுச் சம்மதம். அனிமேஷன் என்ற இரவல் சொல்லைச் சுருக்கித்தான் ஜப்பானியர் அதை உண்டாக்கினார்கள். ஹைக்கூவைப் போல அது இப்போது ஒரு கலையின் பெயர். நமக்குச் சொல் வேண்டியது அந்தக் கலையின் வேலை முறைகளுக்கு. குறிப்பாக, குறைந்த படங்களை வரைந்தே அசைவைக் காட்டும் 'லிமிடெட் அனிமேஷன்' முறைக்கு. அதற்கு நண்பர் ஒருவர் எழுதியிருந்தது:

> 'குறை அசைவூட்டம்' போதுமே, சுருக்கமாக இருக்கிறது.

இதில்தான் எனக்கு உடன்பாடில்லை. குறை என்றதும் பழுது என்றுதான் மனம் போகும். 'வரையறுக்கப்பட்ட' என்றால் கம்பெனிப் பெயர்ப்பலகை நினைவுக்கு வரும்.

வேலை எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். திரையில் நொடிக்கு 24 சட்டகங்கள் (ஃபிரேம்கள்) ஓடுகின்றன. ஒரு படத்தை இரண்டு சட்டகங்களுக்கு நிறுத்தினால் 12 படம் வரைய வேண்டும். மூன்றுக்கு நிறுத்தினால் 8 போதும். 1963 ஜனவரி 1 அன்று காமிக்ஸ் ஓவியர் தெசுகா ஒசாமுவின் முஷி புரடக்சன் நிறுவனம் 'தெத்சுவான் அதோமு' (ஆங்கிலத்தில் ஆஸ்ட்ரோ பாய்) என்ற அனிமே தொடரைத் தொலைக்காட்சியில் தொடங்கியபோது இந்தக் கணக்கையும் தாண்டிச் சிக்கனம் பிடித்தது. வாரம் ஒரு அரைமணிப் பகுதி கொடுத்தாக வேண்டும், கையில் பணம் குறைவு. அதனால் முகம் அப்படியே இருக்க வாய் மட்டும் அசையும். ஓடுகிறவன் நின்ற இடத்திலேயே ஓட, பின்னணி நகரும். ஒருமுறை வரைந்த பறக்கும் காட்சியை எடுத்துவைத்து வேறொரு பகுதியிலும் போடுவார்கள். அந்தச் சேமிப்புக்கு அவர்களே 'பேங்க்' என்று பெயர் வைத்தார்கள். நாமும் தயங்காமல் 'பட வங்கி' என்னலாம். அதே ஆண்டில் தொடர் அமெரிக்கத் தொலைக்காட்சிக்கும் போய்விட்டது.

இந்த முறை அமெரிக்காவில் முன்பே இருந்ததுதான். ஆகவே சொல்லில் 'ஜப்பானிய' என்ற ஒட்டு வேண்டாம்.

என் முன்மொழிவு: சிக்கன அசைவூட்டம். அதன் எதிர்ச்சொல் முழு அசைவூட்டம்.

சிக்கனம் காசைப் பற்றியது, இந்த முறையோ பிறகு ஒரு அழகியலாகவே வளர்ந்துவிட்டதே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதோமுவில் வேலை பார்த்த தெசாகி ஒசாமு, பின்னாளில் இயக்குநராகி, உணர்ச்சி உச்சம் தொடும் இடத்தில் காட்சியை உறையவைத்து அதைத் தீட்டிய ஓவியமாக மாற்றிக் காட்டினார். திரையில் எதுவும் அசைவதில்லை, பார்க்கிற நமக்கு மூச்சு நின்றுவிடுகிறது. அது செலவுக் குறைப்பா, கலையா? இரண்டும்தான். குறளின் சொற்சிக்கனத்தை மெச்சும்போது நாம் யாரும் காசை நினைப்பதில்லையே. இந்த இரு பொருளையும் ஒருசேரத் தாங்கும் சொல் நம் கையிலேயே இருக்கும்போது ஏன் விட வேண்டும்?

அப்புறம், ஜப்பானியர் வரைகிற வேலையை 'கெங்கா', 'தோகா' என்று பிரிப்பதைப் பற்றி. அசைவின் முக்கிய நிலைகளை மூத்த ஓவியர் வரைவது கெங்கா. அவற்றுக்கு நடுவே வருவனவற்றை மற்றவர்கள் வரைந்து நிரப்புவது தோகா. மூலப்படம், இடைப்படம் என்று எழுதிப் பார்த்தேன். மூலப்படம் சரியாக உட்கார்ந்துவிட்டது. இடைப்படம்தான், இடைவேளையில் போடும் படம் என்று யாராவது நினைத்துவிடுவார்களோ என்று உறுத்துகிறது. 'இடைவரைவு' எப்படி? மாற்று தோன்றினால் எழுதுங்கள்.