வெட்டியும் பிடுங்கியும் குறையாத ஸ்காட்ச் புரூம்: எமரால்டு அருகே புல்வெளியை மீட்க உதவி தேவை

நீலகிரியில் எமரால்டு அருகே, ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில் உள்ள எங்கள் பட்டா நிலத்தின் மேல்சரிவில், அரை ஏக்கர் புல்வெளியை மேற்கு ஐரோப்பாவைத் தாயகமாகக் கொண்ட ஸ்காட்ச் புரூம் புதர் மூடிவிட்டது.

2021 பிப்ரவரியில் அரிவாளால் வெட்டினோம். அடிக்கட்டைகள் மறுபடி துளிர்த்தன. 2022 ஜூலையில், மண் ஈரமாக இருந்தபோது வேரோடு பிடுங்கினோம். கிளறப்பட்ட மண்ணில் நாற்றுகள் புல்லைவிட நெருக்கமாக முளைத்தன. 2023 ஜனவரியில், பிடுங்கிய புதர்களை அங்கேயே குவித்து எரித்தது என் தவறு. சூடு பட்டால் விதையின் கடினத் தோல் வெடித்து முளைப்பு தூண்டப்படும் என்பதைப் பிறகுதான் அறிந்தேன். எரித்த இடத்தில் இன்றும் நாற்றுகள் மிகுதி.

அதன்பின் ஆண்டுதோறும் பூக்கும் முன்பே நாற்றுகளைப் பிடுங்குகிறோம். ஒரு மீட்டர் சதுரக் கட்டங்கள் ஐந்தில் எண்ணிப் பார்க்கிறேன். முதல் ஆண்டில் பாதியாகக் குறைந்த எண்ணிக்கை, பிறகு அசையவில்லை. காய்ந்த காய்கள் வெடித்துச் சில மீட்டர் தூரம் விதை எறிவதும், எறும்புகள் அவற்றை இழுத்துச் செல்வதும், விதைகள் மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடிருப்பதும் தெரிந்ததே. ஆனால் எல்லைக்கு அப்பால் பூக்கும் புதர்கள் இருப்பதால், முளைப்பவை பழைய விதைகளா புதியவையா என்று பிரித்தறிய முடியவில்லை. கீழே ஓடை இருப்பதால் களைக்கொல்லி தெளிக்க மாட்டோம்.

இந்நிலையில் மலைப்புற்களை இப்போதே நட்டு, அவற்றின் நிழலால் புரூம் நாற்றுகளை அடக்குவதா, அல்லது மண்ணில் உள்ள விதை இருப்பு தீரும்வரை நிலத்தைத் திறந்தே வைத்துப் பிடுங்குவதா?