அப்பாவுக்கு டி.பி.எஸ். ஆபரேஷன் சொல்கிறார்கள், செய்துகொண்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

செந்தில்_திருச்சி:
அப்பாவுக்கு 63 வயது. பார்க்கின்சன் வந்து பத்து வருடம் ஆகிறது. மாத்திரை போட்டால் இரண்டு மணி நேரம் நன்றாக நடக்கிறார், அப்புறம் அப்படியே உறைந்து நின்றுவிடுகிறார். மாத்திரை வேலை செய்யும்போது கழுத்தும் தோளும் தானாக நெளிகின்றன. டி.பி.எஸ். செய்யலாம், அதாவது மூளைக்குள் மெல்லிய கம்பி வைத்து கரண்ட் கொடுக்கலாம் என்கிறார் நியூராலஜிஸ்ட். விழித்திருக்கும்போதே மண்டையைத் துளைப்பார்களாம் என்றதும் அப்பா பிடிவாதமாக மறுக்கிறார். உண்மையில் எப்படித்தான் இருக்கும்?

வசந்தா_மதுரை:
தம்பி, நான் செய்துகொண்டவள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தேன். இதை அப்பாவிடம் படித்துக் காட்டுங்கள்.

எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது மாத்திரை இல்லாமல் கிடந்ததுதான். முதல் நாள் இரவே லெவோடோபாவை, அதாவது பார்க்கின்சனுக்குப் போடும் மாத்திரையை, நிறுத்திவிடுவார்கள். நோய் முழுசாக வெளியே வந்தால்தானே கரண்ட் கொடுக்கும்போது வித்தியாசம் தெரியும்! காலையில் புரண்டு படுக்கக்கூட முடியவில்லை. மொட்டை அடித்து, மரத்துப்போக ஊசி போட்டு, நான்கு திருகுகளால் தலையில் ஒரு சட்டத்தை மாட்டினார்கள். ஊசி சுருக்கென்றது, அப்புறம் வெறும் இறுக்கம். துளை போடும் சத்தத்தை மட்டும் முன்பே சொல்லி வையுங்கள். அது எலும்பு வழியாகவே வரும், பல்லெல்லாம் அதிரும். வலி இல்லை.

பிறகு ஸ்பீக்கரில் ஓர் இரைச்சல். மெல்லிய மின்முனை உள்ளே இறங்க இறங்க, என் மூளை செல்கள் போடும் சத்தமாம் அது. லைன் இரைச்சலிலேயே காலம் தள்ளிய காது என்னுடையது. ஓரிடத்தில் சத்தம் திடீரென அடர்த்தியானது. கம்பி வைக்க வேண்டிய இடமான ‘சப்தலாமிக் நியூக்ளியஸ்’ வந்துவிட்டது என்று டாக்டர் சொல்வதற்குள் எனக்கே தெரிந்துவிட்டது.

கரண்ட் கொடுத்து, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தட்டச் சொன்னார்கள். வருடக்கணக்காக ஒட்டிக்கொண்டிருந்த விரல்கள் படபடவென்று தட்டின. மாதங்களைச் சொல்லுங்கள் என்றார்கள். சித்திரை, வைகாசி என்று போனேன். கரண்டைக் கூட்டியதும் ஆவணியில் நாக்கு குழறி, வாய் ஒரு பக்கம் இழுத்தது. குறைத்ததும் சரியானது. விழித்திருக்கச் சொல்வது இதற்காகத்தான். இப்போது முழு மயக்கத்திலும் சில இடங்களில் செய்கிறார்கள், கேட்டுப் பாருங்கள். காலர் எலும்புக்குக் கீழே பேட்டரி வைக்கும்போது எனக்கும் மயக்க மருந்து கொடுத்துவிட்டார்கள்.

சில வாரம் கழித்துத்தான் ஆன் செய்தார்கள். அளவு பிடிபடப் பல மாதம் ஆனது. நெளிவு போயிற்று, மாத்திரை பாதியானது. ஆனால் குரல் மெலிந்துவிட்டது. ‘நம்பர் ப்ளீஸ்’ என்றால் கணீரென்று கேட்ட குரல்! இப்போது வீட்டுக்காரர் ஒவ்வொன்றுக்கும் ‘என்ன, என்ன?’ என்கிறார். கரண்டைக் குறைத்துப் பார்த்தோம். குரல் தேறியது, நடை கெட்டது. சரி, நடையே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். இன்னொரு தடவை கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

மூர்த்தி_கோவை:
என் அம்மாவுக்கு முடியாது என்று சொல்லிவிட்டார்கள். மாத்திரை வேலை செய்யும் நேரத்திலும் கீழே விழுந்தார், மறதியும் இருந்தது. நடுக்கத்தைத் தவிர, மாத்திரைக்குச் சரியாகாத எதுவும் பெரும்பாலும் இதற்கும் சரியாகாது. இரவு மாத்திரையை நிறுத்தி, காலையில் ஒரு டோஸ் கொடுத்து, முன்னும் பின்னும் மதிப்பெண் போடும் டெஸ்ட் இருக்கிறது. முதலில் அதை முடியுங்கள். அப்புறம், இது புதுச் சோதனை ஒன்றுமில்லை. பிரான்சில் கிரெனோபில் நகரத்து டாக்டர் பெனாபிட் 1987இல் ஆரம்பித்தது. அமெரிக்காவில் பார்க்கின்சனுக்கு 2002இல் அனுமதி கிடைத்தது. நூறில் ஒன்றிரண்டு பேருக்கு மூளையில் ரத்தக் கசிவு வரலாம். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

செந்தில்_திருச்சி:
வசந்தா அம்மா, நீங்கள் எழுதியதை அப்பா இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். டெஸ்டுக்கு மட்டும் வருகிறேன் என்கிறார். செல்போன், மிக்ஸி, விமான நிலையம் இதிலெல்லாம் பிரச்சினை வருமா? பேட்டரி எத்தனை நாள் வரும்?

வசந்தா_மதுரை:
டெஸ்டுக்கு வருகிறார் என்றால் பாதி வழி வந்தாயிற்று! மிக்ஸி, செல்போன் எல்லாம் தாராளமாக. விமான நிலையத்தில் ஆஸ்பத்திரி தரும் அட்டையைக் காட்டினால் கையால் தடவிப் பார்த்து விட்டுவிடுவார்கள். பேட்டரி சில வருடம் வரும். சார்ஜ் போடும் வகை நிறைய வருடம் வரும், விலையும் அதிகம். ஸ்கேன் எடுக்கப் போனால் முதலில் கருவி இருப்பதைச் சொல்ல வேண்டும். மூட்டுவலிக்கு பிசியோதெரபியில் சூடு வைக்கிறார்களே டயாதெர்மி, அது மட்டும் கூடவே கூடாது. கம்பி சூடாகி மூளையைப் பாதிக்கும். அப்பாவுக்கு முழங்கால் வலி உண்டா?