செம்பூரில் சிறிய படுக்கையறைக்கு எந்த ஏசி பொருந்தும்?

செம்பூர்வாசி:
வணக்கம். மும்பை செம்பூரில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் வாடகைக்குக் குடியிருக்கிறோம். படுக்கையறை பத்தடிக்குப் பதினோரடி, மேற்குப் பார்த்த ஒரே ஜன்னல், பால்கனி கிடையாது. தெருப்பக்கச் சுவரில் ஸ்ப்ளிட் ஏசியின் வெளி யூனிட் மாட்டக் கூடாது என்று சொசைட்டியில் (குடியிருப்போர் சங்கத்தில்) கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். ஜன்னல் ஏசி வைத்தால் பாதி வெளிச்சம் போய்விடும் என்று மனைவி தயங்குவதால், சக்கரம் வைத்த போர்ட்டபிள் ஏசி வாங்கலாமா என்று யோசிக்கிறேன். முக்கால் டன் போதுமா, ஒரு டன் வேண்டுமா என்பதையும் சொல்லுங்கள்.

மாட்டுங்கா தமிழன்:
போர்ட்டபிள் வேண்டாம். ஒற்றைக் குழாய் உள்ளவை அறைக்குள் இருக்கும் காற்றையே இழுத்து, சூட்டோடு வெளியே தள்ளுகின்றன; அந்தக் குறையை நிரப்பக் கதவிடுக்கு வழியாக வெக்கைக் காற்று உள்ளே வந்துகொண்டே இருக்கும். கம்ப்ரஸரும் அறைக்குள்ளேயே இருப்பதால் இரவெல்லாம் இரைச்சல்தான். போதாக்குறைக்கு, அந்தக் குழாய்க்கும் இதே ஜன்னலைத்தான் திறந்து வைக்க வேண்டும்!

ஒரு டன் என்பது மணிக்கு 12,000 பிடியூ (வெப்பத்தை அளக்கும் அலகு) வெப்பத்தை வெளியேற்றும் திறன். சாதாரணமாக 110 சதுர அடிக்கு முக்கால் டன்னே போதும் என்றாலும், மேற்கு வெயில் விழுவதால் ஒரு டன் இன்வர்ட்டர் ஏசியே (தேவைக்கேற்பக் கம்ப்ரஸர் வேகத்தைக் கூட்டிக் குறைப்பது) நல்லது. தேவைக்கு மேல் பெரிதாக வாங்கினால் அறை சட்டென்று குளிர்ந்து கம்ப்ரஸர் நின்றுவிடும். காற்றிலுள்ள ஈரம் வடியாது, மும்பைப் புழுக்கமும் அப்படியே இருக்கும்.

சயான் சகோதரி:
கட்டடத்தின் பின்புற டக்டில் (குழாய்கள் போகும் திறந்த இடைவெளியில்) வெளி யூனிட்டுக்கு அனுமதி கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள். ஆனால் குறுகலான டக்டாக இருந்தால் வெளியேறும் சூடு மேலே போக வழியின்றி யூனிட்டுக்கே திரும்பும். மெக்கானிக் நின்று வேலை செய்யவும் இடம் இருக்காது. கடற்காற்றில் உலோகம் சீக்கிரம் அரிக்கும் ஊரில் பராமரிப்பைச் சாதாரணமாக விட முடியாது. வாடகை வீடு என்பதையும் மறக்க வேண்டாம்: ஸ்ப்ளிட்டைக் கழற்றி மாட்டுவதற்கு ஒவ்வொரு முறையும் செலவு, ஜன்னல் ஏசியைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம். உங்கள் நிலையில் நான் அதைத்தான் வாங்குவேன். பின்பக்கம் சற்றுத் தாழ்வாக வைத்து, வடிநீருக்குக் குழாய் போட்டுவிடுங்கள். கீழ்வீட்டார் துணியில் சொட்டினால் புகார் சொசைட்டிக்குத்தான் போகும்.

மின்பணியாளர்:
ஜன்னல் ஏசிக்கும் ஸ்ப்ளிட்டுக்கும் நட்சத்திர அளவுகோல் வேறு வேறு. ஐந்து நட்சத்திரம் என்ற ஒன்றையே வைத்து இரண்டையும் ஒப்பிடாமல், லேபிளில் உள்ள ஐஎஸ்இஇஆர் எண்ணைப் பாருங்கள்; செலவாகும் மின்சாரத்துக்கு எவ்வளவு குளிர்ச்சி கிடைக்கும் என்பதைச் சொல்வது அது, கூடுதலாக இருந்தால் நல்லது. பழைய வீட்டு வயரிங்கில் விளக்கு, மின்விசிறியோடு ஏசியைச் சேர்க்காமல், தனி எம்சிபி (மின்சுமை மிஞ்சினால் தானே அணையும் சுவிட்ச்) வைத்து 16 ஆம்பியர் சாக்கெட்டுக்குத் தனி லைன் இழுக்க வேண்டும். அதற்கு வீட்டுக்காரரின் சம்மதத்தை முன்பே வாங்கிவிடுங்கள்.

செம்பூர்வாசி:
மிக்க நன்றி. எங்கள் டக்டில் ஆள் நுழையவே முடியாது, ஆகவே ஜன்னல் ஏசிதான். கம்பிக் கிராதியை வெட்ட வேண்டியிருக்குமா என்று நாளை அளந்து பார்த்துவிட்டு, வீட்டுக்காரரிடம் இரண்டையும் சேர்த்தே கேட்கிறேன்.