பெண்களுக்கும் கட்டாய ராணுவ சேவை: நார்வே, ஸ்வீடன், டென்மார்க்கில் நடைமுறை எப்படி?

கேள்வி: வெண்கடம்பு

வணக்கம். சிங்கப்பூரில் தொடக்கக் கல்லூரி (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்பு) மாணவர்களுக்கு விவாதத் தலைப்பு: "கட்டாய ராணுவ சேவைக்குப் பெண்களையும் அழைக்க வேண்டும்." ஆதரித்துப் பேசுகிற பிள்ளைகள் நார்வே என்ற ஒரு பெயரோடு நிறுத்திவிடுகிறார்கள். எதிர்க்கிறவர்கள் "உடல் தாங்காது" என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். நடுவர் குறுக்கே ஒரு கேள்வி கேட்டால் இரண்டு அணியாலும் நிற்க முடியாது.

எனக்கு வேண்டியது நடைமுறை விவரம். அந்த நாடுகளில் பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு உண்மையில் என்ன நடக்கிறது? எத்தனை பேரில் எத்தனை பேரை எடுக்கிறார்கள்? பயிற்சியில் பெண்களுக்குக் காயம் அதிகம் என்பது எவ்வளவு உண்மை, எதனால்? சமத்துவம் நல்லதா கெட்டதா என்ற பொதுப்பேச்சு தேவையில்லை. அது மாணவர்களிடமே நிறைய இருக்கிறது.

பதில் 1: வடகடல்

"நார்வேயில் எல்லாப் பெண்களும் ராணுவத்துக்குப் போகிறார்கள்" என்று யாராவது எழுதி வைத்திருந்தால் முதலில் அதை அடித்துவிடச் சொல்லுங்கள். அங்கே ஆண்களே எல்லாரும் போவதில்லை.

நார்வேயில் ஓர் ஆண்டில் பிறந்தவர்கள் சுமார் 60,000 பேர். 17 வயது ஆகும் ஆண்டில் ஆண், பெண் எல்லாருக்கும் இணையத்தில் ஒரு படிவம் வரும். உடல்நிலை, பார்வை, படிப்பு, உடற்பயிற்சிப் பழக்கம், சேவையில் விருப்பம் உண்டா என்று கேட்பார்கள். நிரப்பியே ஆக வேண்டும். அதைப் பார்த்து ஒரு பகுதியினரை மட்டும் நேரில் வரச்சொல்லி மருத்துவப் பரிசோதனை, ஓட்டம், உடல்பலம், அறிவுத்திறன் தேர்வு, நேர்காணல் எல்லாவற்றையும் நடத்துவார்கள். கடைசியில் சீருடை போடுவது ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவர். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். சேவை வழக்கமாக 12 மாதம்.

விருப்பமில்லை என்று எழுதினால் விட்டுவிடுவார்களா என்று மாணவர்கள் கேட்பார்கள். சட்டப்படி விடவேண்டிய கட்டாயம் இல்லை, தகுதியுள்ளவரை அழைக்கலாம். ஆனால் தேவையைவிட ஆட்கள் அதிகம் இருப்பதால் ஆர்வமும் தகுதியும் உள்ளவர்களைத்தான் பெரும்பாலும் எடுக்கிறார்கள். அங்கே சேவைக்குத் தேர்வாவதை இளைஞர்கள் பெருமையாகப் பார்ப்பதற்கும் இந்த வடிகட்டல்தான் காரணம்.

ஸ்வீடன் 2010-இல் கட்டாய சேவையை நிறுத்திவைத்து, 2017 மார்ச்சில் மீண்டும் கொண்டுவர முடிவெடுத்தது. 1999-லும் அதற்குப் பிறகும் பிறந்த இருபாலரும் அதில் வருவார்கள். தொடக்கத்தில் போட்ட கணக்கு: ஆண்டுக்கு 13,000 பேரைச் சோதித்து 4,000 பேரை எடுப்பது. உடல்திறனை அங்கே சைக்கிள் எர்கோமீட்டரில் (நகராமல் நின்று மிதிக்கும் சைக்கிள்) மிதிக்கவிட்டு அளக்கிறார்கள். மனநல நிபுணரின் நேர்காணலும் உண்டு.

டென்மார்க்கில் சீட்டு எடுக்க வேண்டும். தகுதி உள்ளவர் ஓர் எண்ணை எடுப்பார். சின்ன எண் என்றால் முதலில் அழைப்பு, பெரிய எண் என்றால் வீட்டுக்குப் போகலாம். தன்னார்வலர்களைக் கொண்டு இடங்களை நிரப்பிய பிறகு மீதம் இருந்தால் மட்டுமே சீட்டின் வரிசைக்கு வேலை. 2025 ஜூலை 1-க்குப் பிறகு 18 வயதை எட்டும் பெண்களும் சீட்டெடுக்க வேண்டும். அதற்கு முன்பு அவர்கள் விரும்பினால் சேரலாம், கட்டாயம் இல்லை. கூடவே சேவைக்காலத்தை 4 மாதத்திலிருந்து 11 மாதமாக நீட்டவும் முடிவாகியிருக்கிறது. இதை எதிரணி கவனிக்கவேண்டும்: பெண்களை அழைத்ததும் காலத்தை நீட்டியதும் ஒரே பாதுகாப்புத் திட்டத்தின் பகுதிகள். ஐரோப்பாவில் போர் மூண்ட பிறகு படையைப் பெருக்க வேண்டிய நெருக்கடி அதற்குப் பின்னால் இருந்தது. சமத்துவம் மட்டுமே காரணம் என்று சொன்னால் பாதிதான் சரி.

பதில் 2: குதிங்கால்

காயத்தைப் பற்றிச் சொல்கிறேன். அடிப்படைப் பயிற்சியில் பெண்களுக்கு எலும்பு அழுத்த முறிவு ஆண்களைவிடப் பலமடங்கு அதிகம் என்பதைப் பல நாட்டு ராணுவங்களின் பதிவுகள் காட்டுகின்றன. மறுக்க முயல வேண்டாம். ஏன் என்று கேட்டால்தான் விவாதம் சூடுபிடிக்கும்.

இது விழுந்து உடைவது அல்ல. திடீரென்று சுமை கூடினால் எலும்பு தன்னைப் புதுப்பிக்கத் தொடங்கும். முதலில் பழைய பகுதியைக் கரைக்கும், பிறகுதான் புதிதாகக் கட்டும். கரைப்பது வேகமாக நடக்கும், கட்டுவதற்கு மாதங்கள் ஆகும். இடைப்பட்ட வாரங்களில் எலும்பு முன்னைவிடப் பலவீனமாக இருக்கும். அந்த நேரத்தில்தான் பயிற்சியும் உச்சத்துக்குப் போகும். கணுக்காலுக்கு மேலே, பாதத்தில், இடுப்பெலும்பில் மயிரிழை விரிசல் விழும். பெண்களின் கணைக்கால் எலும்பு (முழங்காலுக்குக் கீழே உள்ள நீண்ட எலும்பு) மெலிந்தது. அதனால் அதே சுமை அதிக அழுத்தமாக விழும். 20 கிலோ பை 80 கிலோ ஆளுக்குக் கால் பங்கு எடை, 60 கிலோ பெண்ணுக்கு மூன்றில் ஒரு பங்கு.

இடுப்பெலும்பு முறிவுக்கு இன்னொரு காரணம் உண்டு. அணிவகுப்பைக் கூர்ந்து பாருங்கள். முன்னால் ஆறடி ஆள், பின்னால் ஐந்தடி இரண்டங்குலப் பெண், எல்லாருக்கும் ஒரே தாளம், ஒரே காலடி நீளம். வரிசை கலையாமல் இருக்க அவள் ஒவ்வோர் அடியையும் எட்டிப்போட வேண்டும். குதிங்கால் உடலுக்கு மிக முன்னால் போய் விழும். தொடையின் உள்தசைகள் இடுப்பெலும்பின் முன்பகுதியை ஒவ்வோர் அடியிலும் இழுக்கும். மணிக்கணக்கில், வாரக்கணக்கில் இதுவே தொடர்ந்தால் அந்த இடத்தில் விரிசல் விழுகிறது.

ஆஸ்திரேலிய ராணுவம் 1990-களில் இதைச் சரிசெய்து பார்த்தது. நடை வேகத்தை மணிக்கு 7.5 கி.மீ.-லிருந்து 5 கி.மீ. ஆக்கினார்கள். வரிசைகளுக்கு நடுவில் இடைவெளியைக் கூட்டினார்கள். அவரவர் காலடி நீளத்தில் நடக்கச் சொன்னார்கள். தார்ச்சாலையில் நீண்ட ஓட்டத்துக்குப் பதிலாகப் புல்தரையில் இடையிடையே நிறுத்தி ஓடவைத்தார்கள். பெண்களுக்கு இடுப்பெலும்பு அழுத்த முறிவு 11.2 விழுக்காட்டிலிருந்து 0.6 விழுக்காட்டுக்கு இறங்கியது. 1999-இல் வெளியான இந்த முடிவை இரண்டு அணிகளும் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். காயத்தில் பெரும்பகுதி பயிற்சியின் வடிவமைப்பால் வந்தது என்று ஆதரவு அணி வாதிடலாம். வடிவமைப்பை மாற்றாமல் அழைப்பாணை அனுப்பினால் காயம் நிச்சயம் என்று எதிரணி வாதிடலாம். இரண்டும் சரியான வாதம்.

சாப்பாடும் முக்கியம். அமெரிக்கக் கடற்படையில் பயிற்சி பெறும் பெண்களுக்கு நாளுக்கு 2,000 மில்லிகிராம் கால்சியமும் 800 அலகு வைட்டமின் டி-யும் கொடுத்துப் பார்த்ததில் அழுத்த முறிவு 20 விழுக்காடு குறைந்தது. 2008-இல் வந்த முடிவு. இரும்புச்சத்தை அழைப்பு வந்தவுடனே ரத்தப் பரிசோதனையில் பார்த்துவிட வேண்டும். பயிற்சி தொடங்கியபின் பார்த்தால் தாமதம், இருப்பு இன்னும் இறங்கியிருக்கும். போதுமான அளவு சாப்பிடாமல் மாதவிடாய் நின்றுபோனால் அதை "பயிற்சியில் சகஜம்" என்று விட்டுவிடக்கூடாது, எலும்பு தேயத் தொடங்கியதற்கு அது அறிகுறி.

பதில் 3: மணற்கேணி

மேலே இருவரும் நன்றாகச் சொன்னார்கள். ஆனால் நார்வேயை மட்டும் வைத்துப் பேசினால் படம் ரொம்ப அழகாகத் தெரியும். கதவு முதலில் திறந்ததா, கடமை முதலில் வந்ததா என்று பார்க்க வேண்டும்.

நார்வே 1985-லேயே படையின் எல்லாப் பணிகளையும் பெண்களுக்குத் திறந்துவிட்டது, நீர்மூழ்கிக் கப்பல் உட்பட. 1995-இல் சோல்வெய்க் கிரே உலகிலேயே முதல் பெண்ணாக நீர்மூழ்கிக் கப்பலின் தலைமையை ஏற்றார். 2010-இல் பெண்களும் படிவம் நிரப்பியாக வேண்டும் என்று வந்தது, சேவை அப்போது விருப்பம்தான். 2013 ஜூனில் நாடாளுமன்றம் கொள்கை அளவில் முடிவெடுத்து, 2014-இல் சட்டமாக்கி, 2015 ஜனவரி 1 முதல் நடைமுறைப்படுத்தியது. 1997-லும் பிறகும் பிறந்த பெண்களுக்குத்தான் பொருந்தும். ஆக, கதவு திறந்து முப்பது ஆண்டு கழித்தே கடமை வந்தது.

இஸ்ரேலில் தலைகீழ். 1949 முதலே பெண்களுக்குக் கட்டாய சேவை, ஆண்களைவிடக் குறைந்த காலம். திருமணமானவர், தாய், மதக் காரணத்தை உறுதிமொழியாகக் கொடுப்பவர் ஆகியோருக்கு விலக்கு. பல பத்தாண்டுகள் அவர்களைப் பெரும்பாலும் எழுத்தர், பயிற்றுநர், தகவல்தொடர்பு வேலைகளிலேயே வைத்திருந்தார்கள். விமானி பயிற்சிக்கு விண்ணப்பிக்கவிடவில்லை என்று ஆலிஸ் மில்லர் நீதிமன்றம் போய் 1995-இல் வென்றார். 2000-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். 2001-இல் ரோனி சுக்கர்மன் போர் விமானியாகத் தேறினார். கட்டாய சேவை 1949-லேயே வந்தும் அந்தக் கதவு திறக்க வழக்கு தேவைப்பட்டது. "அழைத்துவிட்டால் சமத்துவம் தானாக வந்துவிடும்" என்று மாணவர் யாராவது எழுதினால் இதைக் காட்டுங்கள்.

எரித்திரியாவை யாரும் பேசுவதில்லை, அது எனக்கு ஆறாத வருத்தம். 1995-இன் சட்டப்படி ஆண், பெண் இருவருக்கும் 18 மாத சேவை. எத்தியோப்பியாவுடன் 1998-இல் போர் மூண்ட பிறகு அந்த வரம்பு காற்றில் போய், பலருக்குச் சேவைக்கு முடிவே இல்லாமல் ஆகிவிட்டது. பள்ளியின் கடைசி ஆண்டான 12-ஆம் வகுப்பையே சாவா ராணுவ முகாமில்தான் படிக்க வேண்டும். திருமணமான பெண்களையும் தாய்மார்களையும் பெரும்பாலும் விட்டுவிடுவதால், முகாமுக்குப் போகாமல் இருக்கவே சிறுமிகள் படிப்பை நிறுத்திக் கல்யாணம் செய்துகொள்கிறார்கள். முகாமில் நடந்த பாலியல் கொடுமைகளை ஐ.நா. விசாரணை ஆணையம் பதிவு செய்திருக்கிறது. சட்டப் புத்தகத்தை மட்டும் பார்த்தால் எரித்திரியாவும் நார்வேயும் ஒரே பக்கத்தில் நிற்கும். அதிகாரியைக் கேள்வி கேட்க முடியாத நாட்டில் இந்தச் சட்டம் பெண்ணுக்கு என்ன செய்யும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

வெண்கடம்பு

மூவருக்கும் மிக்க நன்றி. ஒரு சந்தேகம். நார்வே முறையை அப்படியே சிங்கப்பூரில் வைக்கலாம் என்று ஆதரவு அணி முடிக்கப் பார்க்கிறது. சரிவருமா?

பதில் 4: தேக்காக்காற்று

அப்படியே வைக்க முடியாது, காரணம் எளிது. தேசிய சேவைக்கு (சிங்கப்பூரின் கட்டாய சேவைக்கு இதுதான் பெயர்) அரசு சொல்லும் அடிப்படைகள் மூன்று: நாட்டின் பாதுகாப்புக்கு இன்றியமையாத தேவை, எல்லாருக்கும் பொது, எல்லாருக்கும் சமம். உடல்தகுதியுள்ள ஆண்கள் அனைவரும் இரண்டு ஆண்டு செய்கிறார்கள். நார்வே முறையின் உயிரே "சிலரை மட்டும் எடுப்பது". அதைக் கொண்டுவந்தால் ஒரே வகுப்பில் படித்த இரண்டு பையன்களில் ஒருவன் முகாமுக்கும் மற்றவன் நேராகப் பல்கலைக்கழகத்துக்கும் போவான். எந்த அம்மா ஒத்துக்கொள்வார்? அதாவது பெண்களைச் சேர்ப்பதற்கு முன்பே "எல்லாருக்கும் பொது" என்ற தூண் விழுந்துவிடும்.

மாறாக எல்லாப் பெண்களையும் எடுத்தால் ஒவ்வோர் ஆண்டும் வரும் ஆட்கள் ஏறத்தாழ இரட்டிப்பு. படுக்கை, பயிற்றுநர், துப்பாக்கி சுடும் தளத்தின் நேரம் எல்லாம் இரட்டிப்பு. பிறகு, சேவை முடித்து, போர்க்காலப் படைவீரர் பயிற்சிக்கு ஆண்டுதோறும் வேலையிலிருந்து வருகிறவர்களும் அப்படியே. 2022 மே மாதம் நாடாளுமன்றத்தில் தற்காப்பு அமைச்சர் இங் எங் ஹென் இதைத்தான் சொன்னார்: பெண்களைக் கட்டாயம் சேர்ப்பதால் கிடைக்கும் பயனைவிடச் சமூகம் கொடுக்கும் விலை மிக அதிகம். எனக்கு அந்த முடிவில் முழு உடன்பாடு இல்லை. பிறப்பு விகிதம் (ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் குழந்தைகள்) 2023-இல் 0.97-க்கு இறங்கிவிட்டது. ஆண்களின் எண்ணிக்கை குறையும்போது "பயன்" என்ற தட்டின் எடை கூடும். ஆதரவு அணிக்கு வலுவான இடம் இதுதான். ஆனால் அவர்கள் நார்வே என்று சொல்லாமல், எந்தப் பணிக்கு, எத்தனை மாதம், எத்தனை பேர் என்று கணக்கோடு வரவேண்டும். குடிமைத் தற்காப்பும் போலீசும் தேசிய சேவையில் அடங்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளட்டும்.

தென்கொரியாவையும் சேர்க்கலாம். அங்கே பிறப்பு விகிதம் 2023-இல் 0.72. ஆண்களை மட்டும் அழைக்கும் சட்டம் செல்லும் என்று அரசியலமைப்பு நீதிமன்றம் பலமுறை, கடைசியாக அதே 2023-லும், தீர்ப்பளித்திருக்கிறது.

பதில் 5: வடகடல்

தளவாடத்தைச் சொல்ல மறந்தேன், மாணவர்கள் இதைத் தொடவே மாட்டார்கள். பெண்களின் அளவுக்குப் பூட்ஸும் கவசமும் முன்கூட்டியே கையிருப்பில் இருக்க வேண்டும். ஆண்களுக்கு வெட்டிய கவசத்தின் மிகச் சிறிய அளவைக் கொடுத்தால் போதும் என்று நினைப்பார்கள், போதாது. நெஞ்சுத் தகடு நீளமாக இருந்தால் உட்காரும்போது தொடையில் இடித்துத் தொண்டைக்கு ஏறும். துப்பாக்கிக் கட்டையைத் தோளில் சரியாக ஊன்ற முடியாது, குறி தவறும். முதுகுப்பையின் இடுப்புப் பட்டை கவசத்தின் மேலே போய் உட்கார்ந்தால் எடை முழுக்கத் தோளுக்கு வந்துவிடும், குதிங்கால் சொன்ன முறிவுக்கு அது நேர்வழி. அமெரிக்க ராணுவம் பெண்களுக்கென்று தனியாக வெட்டிய கவசத்தை 2013 வாக்கில்தான் கொடுக்கத் தொடங்கியது.

பணக்கார நாடான நார்வேயிலேயே கொரோனா காலத்தில் ஆலைகள் மூடியபோது உள்ளாடை தட்டுப்பாடு வந்தது. சேவை முடிந்து போகிறவர்கள் சாக்ஸ், ஜட்டி, பிரா எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். துவைத்து, சோதித்து அடுத்த அணிக்குக் கொடுத்தார்கள். 2022 ஜனவரியில் செய்தி வந்தது.

தங்குமிடம் பற்றியும் ஒரு வார்த்தை. நார்வேயின் சில பிரிவுகளில் ஆணும் பெண்ணும் ஒரே அறையில் தங்குகிறார்கள். ஒரே குழு என்ற உணர்வு வருகிறது, பெண்கள் தனியாக ஒதுங்கிப்போவதில்லை என்பது காரணம். ஆனால் குளியலறை தனி. இதைப் பார்த்து வேறு நாடு செய்வதானால் ஒன்றை முதலில் செய்ய வேண்டும்: தொல்லை கொடுத்தவரின் மேலதிகாரி கையில் போகாத புகார் வழி. நார்வே ராணுவமே 2018 முதல் தன் வீரர்களிடம் பாலியல் தொல்லை, கொடுமை பற்றிப் பெயர் கேட்காமல் கருத்தாய்வு நடத்தி முடிவுகளை வெளியிடுகிறது. இளம்பெண்களிடமிருந்து வரும் எண்ணிக்கை ஆறுதல் தருவதாக இல்லை. எதிரணி மாணவர்கள் அந்த அறிக்கையிலிருந்து தொடங்கட்டும்.