ஸ்லைடு ஷீட்: தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம். படுத்த படுக்கையாக இருப்பவரைக் கட்டிலில் மேலே ஏற்றவும் புரட்டவும் உதவும் ஸ்லைடு ஷீட்டுக்கு, வீட்டுப் பராமரிப்புக் கையேட்டில் 'நகர்த்துவிரிப்பு' என்று எழுதியிருக்கிறேன். சரிவருமா?

*

நகர்த்துவிரிப்பு வேண்டாம் ஐயா. வார்டில் இடுப்புக்கடியில் போடும் டிரா ஷீட்டைத்தான் அப்படி நினைத்துக்கொள்வார்கள். அது பருத்தித் துணி. மெத்தையோடு உராயும், இழுப்பவர் முதுகு போகும். துணிக்கு வெளியே கிடக்கும் குதிகால் மெத்தையில் தேய்ந்துகொண்டே வரும். தோல் மெத்தையோடு ஒட்டி நிற்க, உள்ளே எலும்பு மட்டும் நகர, நடுவிலுள்ள நுண்ணிய ரத்தக்குழாய்கள் இழுபட்டு நெரியும். பாடநூலில் சறுக்குப்பெயர்ச்சி என்கிறோமே, அதுதான். படுக்கைப்புண்ணுக்கு அழுத்தம் மட்டும் காரணமல்ல.

ஸ்லைடு ஷீட் வழவழப்பான நைலான், பெரும்பாலும் சிலிக்கோன் பூசியது. இரண்டு அடுக்கு ஒன்றன்மேல் ஒன்று வழுக்குவதில்தான் சூட்சுமம். 'வழுக்குவிரிப்பு' என்றே சொல்வோம்.

*

வழுக்கு என்றால் வீட்டார் பயப்பட மாட்டார்களா? 'நழுவுவிரிப்பு' கொஞ்சம் மென்மையாக இருக்கிறதே?

*

கொஞ்சம் பயப்படட்டும் அம்மா. விரிப்பை அடியிலேயே விட்டுவிட்டால், தலைமாட்டை உயர்த்தியதும் ஆள் கால்மாட்டுக்குச் சரிந்துவிடுவார். கட்டில் விளிம்பில் உட்காரவைத்தால் நேரே தரைதான். கீழே விழுந்த விரிப்பை மிதித்தால் பார்த்துக்கொள்பவரும் விழுவார். மேலும், நழுவுவது கைதவறிப் போவது. இங்கே நாம் வேண்டுமென்றே வழுக்க வைக்கிறோம்.

கையேட்டில் செய்முறையையும் சேர்த்துவிடுங்கள். சக்கரத்துக்கு பிரேக் போட்டு, நகர்த்தும் இருவரில் குட்டையானவரின் இடுப்பளவுக்குக் கட்டிலை உயர்த்த வேண்டும். ஆளை ஒருக்களிக்க வைத்து, பாதி சுருட்டிய விரிப்பை முதுகை ஒட்டிச் செருகி, மறுபுறம் புரட்டி விரிக்க வேண்டும். தோள் முதல் குதிகால் வரை அடியில் இருந்தாக வேண்டும். பிடிப்பது மேல் அடுக்கை மட்டும். இரண்டையும் சேர்த்துப் பிடித்துவிட்டு 'வழுக்கவே இல்லை' என்பவர்கள்தான் அதிகம்! ஒரு காலை முன்வைத்து, உடல் எடையைப் பின்காலிலிருந்து முன்காலுக்கு மாற்றினாலே ஆள் நகர்ந்துவிடுவார். கையால் தூக்கக் கூடாது. கழற்றும்போது கீழ் அடுக்கின் மூலையை உள்ளே மடித்து, முழங்காலுக்கடியில் உள்ள இடைவெளி வழியாக, விரிப்பு தன்மேல் தானே வழுக்கும்படி மெல்ல உருவ வேண்டும். மேல் அடுக்கை இழுத்தால் அது தோலோடு உராய்ந்துகொண்டே வரும்.

*

இரு முனையும் திறந்த குழாய் வடிவில் தைத்தது ஒன்று உண்டே. அது 'வழுக்கு உறை' ஆகட்டும், தட்டையான இரட்டை விரிப்பு 'வழுக்குவிரிப்பு'. உறையைச் சேர்த்து எழுதாதீர்கள். வழுக்குறை என்றால் வழக்குரைஞர் ஞாபகம் வருகிறது.

*

இரண்டையும் ஏற்கிறேன். டிரா ஷீட்டை 'இடுப்புவிரிப்பு' என்று தனியே பதிந்து, 'ஆளை இழுக்க அல்ல' என்று பக்கத்திலேயே குறித்துவிடுகிறேன்.